வாடகைக்கு விடுவதற்காகச் சென்னையில் ஃபிளாட் வாங்குகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் படிக்க ஒரு வழிகாட்டி

"வாடகை வந்துகொண்டே இருக்கும், அதிலேயே இஎம்ஐ ஓடிவிடும்." முதல் வீடு சொந்தமாக இருந்து, இரண்டாவதாக ஒரு ஃபிளாட் வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரில் தொடங்கி புரோக்கர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். சென்னையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்து வராது. அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு போகும், எவ்வளவு வரும், எந்தக் காகிதம் எப்போது கையில் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பத்திரப் பதிவில் தொடங்கி முதல் வாடகைதாரர் குடிவரும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். நீங்கள் அப்படி அலையக் கூடாது. படிகளை நடக்க வேண்டிய வரிசையிலேயே கொடுத்திருக்கிறேன்.

1. வீடு பார்க்கும் முன் கணக்குப் பாருங்கள்

ஒரு உதாரணம். விலை 60 லட்சம் ரூபாய், பழைய ஃபிளாட், மாத வாடகை 18,000. வருடத்துக்கு 2,16,000. விலையோடு வகுத்தால் 3.6 சதவீதம். புரோக்கர் சொல்லும் கணக்கு இதோடு முடிந்துவிடும். நீங்கள் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5,40,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் பிராசஸிங் கட்டணம், குடிவைக்கும் முன் பெயின்ட், பிளம்பிங் எல்லாவற்றுக்கும் இரண்டரை லட்சம் வையுங்கள். 60 லட்சத்து வீடு 68 லட்சத்தில் வந்து நிற்கும்.

இப்போது வரவு. வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போது பெயின்ட் அடித்து அடுத்தவரைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாளாகும். 11 மாத வாடகை 1,98,000. சொத்து வரி 6,000, பழுது பார்க்க 15,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்றால் வருடத்துக்கு 9,000. மீதி 1,68,000. போட்ட 68 லட்சத்துக்கு இது சுமார் இரண்டரை சதவீதம். வங்கி வைப்பு நிதியே இதைவிடக் கூடுதலாகத் தரும்.

கடனையும் பார்த்துவிடுவோம். 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 39,000. வாடகை 18,000. மாதம் 21,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழு 39,000.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? நிலத்தின் மதிப்பு பத்து, பதினைந்து வருடத்தில் ஏறும் என்று நம்பி, அதுவரை மாதா மாதம் கையிலிருந்து போடத் தெம்பு உள்ளவர்கள் வாங்கலாம். அல்லது கடன் குறைவாகவும் கைப்பணம் அதிகமாகவும் போட முடிகிறவர்கள். வாடகையை நம்பித்தான் இஎம்ஐ கட்ட வேண்டும் என்ற நிலையில் இருந்தால் தயவுசெய்து இப்போது வேண்டாம். வேலை போனால் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: வீட்டின் முழு விலைக்கும் வங்கி கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதுதான் உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது, அவை உங்கள் கைப்பணம். மேலே சொன்ன உதாரணத்தில் குறைந்தது 20 லட்சம் ரொக்கமாக இருந்தால்தான் பேச்சையே தொடங்கலாம்.

2. நீங்கள் குடியிருக்கப் போவதில்லை, வாடகைதாரரின் கண்ணால் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த ஏரியாவும் வாடகைக்கு ஆள் வருகிற ஏரியாவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ நடந்து போகிற தூரம், பக்கத்தில் பள்ளி, பைக் நிறுத்த இடம் இவைதான் சீக்கிரம் ஆள் கொண்டுவரும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி என்றால் வாடகையும் குறையும், காலியாகக் கிடக்கும் நாளும் கூடும்.

சென்னையில் இரண்டு கேள்விகளை எந்த வீட்டுக்கும் கேட்டே ஆக வேண்டும். முதலாவது தண்ணீர். போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, 2019 கோடையில் என்ன செய்தார்கள், லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது. இதை விற்பவரிடம் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடமும் அதே கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவரிடமும் கேளுங்கள். மெயின்டனன்ஸ் தொகை கோடையில் எவ்வளவு ஏறுகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இடங்களில் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும், ஆகவே ஏரியாவின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தரைத்தளச் சுவரில் பெயின்ட் உரிந்த கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீட்டர் பெட்டியும் மோட்டாரும் தரையோடு இருக்கின்றனவா, மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தூக்கி வைத்திருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல மழை நாளில் ஒருமுறை நேரில் போய் நின்று பார்ப்பதைப் போல ஒரு பரிசோதனை வேறு இல்லை.

3. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

"டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். நகல்கள் கைக்கு வந்து, உங்கள் சொந்த வக்கீல் பார்க்கும் வரை பணம் வேண்டாம். வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்காக.

விற்பவரின் கிரயப் பத்திரத்தோடு, அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (ஈசி) எடுங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே எடுக்கலாம். ஃபிளாட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தின் சர்வே எண்ணுக்கும் பாருங்கள். ஈசியில் விற்பவரின் வங்கிக்கான எம்ஓடி பதிவு (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததன் பதிவு) இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகவில்லை என்றால் அந்தக் கடன் இன்னும் அந்த வீட்டின் மேல்தான் இருக்கிறது. "கடனை அப்போதே கட்டிவிட்டேன்" என்ற வாய்வார்த்தை போதாது, ரசீது பதிவாக வேண்டும்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ அல்லது உள்ளாட்சி அங்கீகரித்த வரைபடத்தை வாங்கி நேரில் ஒப்பிடுங்கள். வரைபடத்தில் மொட்டை மாடியாக இருக்கும் இடத்தில் நீங்கள் வாங்கும் ஃபிளாட் நின்றால் உடனே விலகிவிடுங்கள். அதற்கு நல்ல வங்கிகள் கடன் தராது, நாளைக்கு நீங்கள் விற்கவும் முடியாது. கார் பார்க்கிங் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரிக்கப்படாத நிலப் பங்கான யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கட்டடம் தேயும், நிலம்தான் ஏறும். ஒரே தெருவில் ஒரே விலையில் இரண்டு ஃபிளாட் இருந்தால், யுடிஎஸ் அதிகமுள்ளதை எடுங்கள்.

விற்பவர் பவர் பத்திரம் வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று உறுதி செய்யுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளின் கையெழுத்து "அப்புறம் வரும்" என்றால் உங்கள் பணமும் அப்புறம் வரட்டும்.

புது கட்டடமாக இருந்தால் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு; 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முதல் விற்பனை ஃபிளாட்டுகளுக்கு முத்திரைத் தீர்வையும் 2023 டிசம்பர் முதல் குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், 50 லட்சம் முதல் 3 கோடி வரை 5 சதவீதம்; பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி.

கடைசியாக பாக்கிகள். எனக்கு விற்றவர் சொத்து வரியைப் பல அரையாண்டுகளாகக் கட்டாமல் விட்டிருந்தார். மெயின்டனன்ஸ் பாக்கியும் இருந்தது. வரி எண்ணைப் போட்டு மாநகராட்சித் தளத்தில் பார்த்ததால்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் கட்டி ரசீது கொடுத்த பிறகே பதிவுக்குப் போனோம். வரி ரசீது, கரண்ட் பில், அசோசியேஷனிடமிருந்து "பாக்கி இல்லை" கடிதம், இந்த மூன்றும் இல்லாமல் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பாதீர்கள்.

4. பதிவு நாளும் டிடிஎஸ்ஸும்

விலையோ அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போ, எது அதிகமோ அதன் மேல்தான் தீர்வை. கட்டணத்தை முன்பே இணையத்தில் கட்டி, டோக்கன் எடுத்து, இரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். அசல் அடையாள அட்டைகள் எல்லோரிடமும் இருக்கட்டும். கடன் என்றால் அதே நாளிலோ அடுத்தோ எம்ஓடி பதிவும் நடக்கும், அதற்குத் தனியாக முத்திரைத் தீர்வையும் கட்டணமும் உண்டு. வங்கி இதைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும், நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், முழு விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியவர் வாங்குபவர், அதாவது நீங்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். விற்பவரின் பான் எண் ஆதாரோடு இணைக்கப்பட்டு உயிருடன் இருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் முன்பே பாருங்கள். செயலிழந்த பான் என்றால் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீத விதியே பொருந்தாது. பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கைமாற்றாதீர்கள்.

5. பதிவு முடிந்த உடனே பெயர் மாற்றங்கள்

பத்திரம் கைக்கு வந்ததும் பலரும் ஓய்ந்துவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே தொடங்கினால் வாடகைதாரர் வருவதற்குள் முடிந்துவிடும். முதலில் சொத்து வரி, ஏனென்றால் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு அந்த ரசீதையும் கேட்பார்கள். அடுத்து மின் இணைப்பு, குடிநீர் வரி இருந்தால் அது, கடைசியாக அசோசியேஷன் பதிவேடு. எல்லாவற்றுக்கும் கிரயப் பத்திர நகல், பழைய ரசீது, அடையாள அட்டை இவையே அடிப்படை. மின் இணைப்பு இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கும் பழைய கட்டடங்கள் நிறைய உண்டு. அப்படி இருந்தால் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும்.

6. வாடகைதாரரைத் தேடுவது

வாடகை எவ்வளவு வைப்பது? அதே கட்டடத்தில் சென்ற ஆறு மாதத்தில் குடிவந்தவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் தொகை உரிமையாளர்களின் ஆசை மட்டுமே. ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டு ஒரு மாதம் காலியாக வைத்திருந்தால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒன்றரை வருடமாகும்.

"சைவம் மட்டும்", "பேச்சிலருக்கு இல்லை", இன்னும் சொல்லக் கூசும் நிபந்தனைகளோடு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அது மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம், கணக்குப்படி பார்த்தாலும் நஷ்டம். பார்க்க வேண்டியது வேறு: நிலையான வருமானம் இருக்கிறதா, முந்தைய வீட்டை ஏன் காலி செய்கிறார், பழைய உரிமையாளர் என்ன சொல்கிறார். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, ஆதார், பான் நகல் வாங்குங்கள். பழைய உரிமையாளரிடம் பேசும் ஒரு ஃபோன் கால் எல்லாக் காகிதத்தையும்விட மேலானது. காவல்துறையின் இணைய சேவையில் வாடகைதாரர் சரிபார்ப்பு வசதி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்ற சென்னைப் பழக்கம் மாறிவருகிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். எவ்வளவு வாங்கினாலும் அதைத் தனி வைப்பு நிதியில் போட்டு வையுங்கள். அதைச் செலவழித்துவிட்டு, அடுத்தவரிடம் வாங்கி முன்னவருக்குக் கொடுக்கலாம் என்று இருப்பவர்களால்தான் காலி செய்யும் நாளில் அத்தனை சண்டையும் வருகிறது.

மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு "லீசுக்கு" விடுவதும் உண்டு. அது கடன் வாங்குவதற்குச் சமம். காலி செய்யும் நாளில் முழுத் தொகையும் கையில் இருக்கும் என்ற உறுதி இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

7. ஒப்பந்தம்: 11 மாதம் எழுதினால் போதும் என்பது பாதி உண்மை

பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து வாடகைப் பதிவு எண் வாங்க வேண்டும். இது சார்பதிவாளர் பதிவு அல்ல, வேறு. அரசின் தனி இணையதளத்தில் செய்யலாம். இரு தரப்பின் புகைப்படம், ஆதார், பான், ஃபோன் எண், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

இந்தப் பதிவு எண் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் நன்றாகப் போகும் வரை ஒன்றும் ஆகாது. வாடகை நின்று நீங்கள் வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், கையில் இருக்கும் ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவதே சிக்கலாகிவிடும்.

இன்னொரு பொறி முத்திரைத் தீர்வை. கடையில் டைப் அடித்துத் தரும் குறைந்த மதிப்புப் பத்திரத் தாள் போதாது. 30 வருடத்துக்குக் குறைவான குத்தகைக்கு வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். மாதம் 18,000 வீதம் 11 மாதத்துக்கு 1,98,000, அட்வான்ஸ் 54,000, மொத்தம் 2,52,000. தீர்வை 2,520 ரூபாய். இதை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை: வாடகை எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு, வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம் (5 சதவீதம் பரவலான வழக்கம்), மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, கோடையில் அது ஏறினால் அந்தக் கூடுதல் யாருடையது, இரு தரப்பும் எத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டும், குடியிருக்க மட்டுமே, உள்வாடகை கூடாது. குடியிருக்க மட்டுமே என்ற நிபந்தனை முக்கியம். வீட்டில் டியூஷன் சென்டரோ அலுவலகமோ வந்தால் மின் கட்டண வகையும் சொத்து வரியும் மாறி, தொகை உங்கள் தலையில் விழும்.

காலி செய்யும்போது பெயின்டுக்காக ஒரு மாத வாடகை பிடிக்கும் சென்னை வழக்கத்தையும் பேசி எழுதிவிடுங்கள். சட்டத்தின் அட்டவணை வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் போகிறவருக்கும் நான்கு வருடம் இருந்தவருக்கும் ஒரே தொகை பிடிப்பது நியாயமும் இல்லை.

8. சாவி கொடுக்கும் நாள்

ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, அதை வாடகைதாரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். மின்விசிறி, டியூப் லைட், கீசர், சாவிகள் என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள்.

மின் மீட்டரை அவசியம் ஃபோட்டோ எடுங்கள். இங்கே கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், ஒருவர் பாதியில் போய் இன்னொருவர் பாதியில் வந்தால் ஒரே பில்லில் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் சேரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுவதால் தகராறு பெரிதாகும். மீட்டர் ஃபோட்டோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் பேசித் தீர்த்துவிடலாம்.

9. பழுது வந்தால் யார் செலவு?

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கழிப்பறை, வாஷ் பேசின், கீசர் பழுது, பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. இந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

என் வழக்கம் இதுதான்: தண்ணீர் ஒழுகல், கரண்ட் கோளாறு என்றால் அன்றே ஆளை அனுப்பிவிடுவேன், செலவு யாருடையது என்று பிறகு பேசுவேன். நல்ல வாடகைதாரர் காலி செய்துவிட்டுப் போனால் ஒரு மாத வாடகையும் புரோக்கர் கமிஷனும் போகும். அதோடு பார்த்தால் பிளம்பர் கூலி ஒன்றுமே இல்லை. நம்பிக்கையான பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரின் எண்ணையும் வாடகைதாரரிடமே கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

வீட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவியுங்கள். வீடு உங்களுடையதாக இருக்கலாம், குடித்தனம் அவர்களுடையது.

10. வாடகை தாமதமானால், காலி செய்ய மறுத்தால்

பத்து நாள் தாமதத்துக்குக் கோபப்படாதீர்கள், ஃபோனில் கேளுங்கள். ஆனால் ஒரு மாதம் முழுசாகத் தவறினால் அன்றே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுத்தில் கேட்டு வையுங்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் கட்டாவிட்டால் அது வெளியேற்றக் கோருவதற்கான காரணம். அதற்கு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மூன்று மாத அட்வான்ஸ் இருக்கிறதே என்று மூன்று மாதமும் காத்திருந்தால், மனுப் போடும்போது உங்கள் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. இரண்டாவது மாதமே நோட்டீஸ் போகட்டும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் கரண்டையோ தண்ணீரையோ துண்டிக்காதீர்கள், வெளியே பூட்டும் போடாதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது; நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த நிமிடத்தோடு போய்விடும்.

நல்லபடியாகக் காலி செய்பவருக்கு, கழிக்க வேண்டியதைப் பட்டியல் போட்டுக் காட்டி, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சாவி வாங்கிய அன்றே கொடுத்துவிடுவதுதான் அழகு. அவர்கள் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு இந்தப் பணத்துக்காகத்தான் காத்திருப்பார்கள்.

11. வருமான வரி

வாடகையை ரொக்கமாக வாங்கி மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்காக வாடகைதாரர் உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். துறைக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழியுங்கள், மீதியில் 30 சதவீதம் தானாகவே கழிவு. பழுதுக்கு ரசீது காட்டத் தேவையில்லை, அதைவிட அதிகம் செலவானாலும் கூடுதலாகக் கழிக்க முடியாது. 2,16,000 வாடகை, 6,000 வரி என்றால் 2,10,000. 30 சதவீதம் போக 1,47,000. இதற்கு எதிராகக் கடன் வட்டியைக் காட்டலாம். 45 லட்சம் கடனில் முதல் வருட வட்டி சுமார் 3,79,000 என்பதால் இந்தத் தலைப்பில் நஷ்டம்தான் வரும். பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை 8 வருடம் கொண்டுபோகலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. வரிச் சலுகைக்காக இரண்டாவது வீடு என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வாடகைதாரர் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். குடியிருக்க மட்டும் தனிநபருக்கு விட்டால் ஜிஎஸ்டி கிடையாது.

12. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுபவர்களுக்கு

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி சென்னையில் வீடு வாங்குபவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு வாடகை தருபவர், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். சாதாரண வாடகைதாரர்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் பயந்து வீடே வேண்டாம் என்பார்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்று வாங்க முடியும். நிதியாண்டு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வாடகை என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வருமானத்துக்காக வைக்கும் வங்கிக் கணக்கு) வர வேண்டும்.

ஊரில் இருக்கும் அப்பாவோ அண்ணனோ உங்கள் சார்பில் கையெழுத்துப் போட பவர் பத்திரம் தேவை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறை வந்த தேதியைக் காட்டும் ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். எதற்கெல்லாம் அதிகாரம் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்: வாடகை வாங்க, ஒப்பந்தம் போட, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய, வழக்கு நடத்த. விற்கும் அதிகாரம் இதில் தேவையே இல்லை.